அந்த அறையில் உன் பெஞ்சே இருக்கட்டும்

அன்புள்ள ஜெசி,

நீ விமானம் ஏறிய மறுநாள் காலை, படுக்கையறையிலிருந்து வெளியே வந்தவன் பழக்கத்தில் சுவரை ஒட்டியே நடந்து சமையலறைக்குப் போனேன். இரண்டு வாரமாக நடு ஹாலில் நீல டேப் ஒட்டிக் கிடந்ததல்லவா, அதை மிதிக்கக் கூடாது என்று நீ போட்ட உத்தரவு காலுக்கு இன்னும் நினைவிருந்தது. உன் அம்மா பின்னால் நின்று, "பிள்ள போயாச்சு. இன்னும் என்னத்துக்கு ஓரமாப் போறிய?" என்று கேட்டாள். கனடாவில் உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன அறையை, அதே நீளத்தில் அதே அகலத்தில், ஷார்ஜாவில் எங்கள் தரையில் நீ வரைந்திருந்தாய். அந்த அறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் நமக்குள் பேச்சு நின்றுபோனது. விமான நிலையத்திலாவது பேசியிருக்கலாம். நீ பெட்டியின் எடையைப் பற்றிப் பேசினாய், நான் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினேன். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உன்னைப் போல இங்கே வளர்ந்து வெளியே போன பிள்ளைகளும், இப்போது வீட்டைக் காலிசெய்துகொண்டிருக்கும் அவர்களுடைய பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும்.

பெட்டி கட்ட உதவுவதாகச் சொல்லித்தான் நீ வந்தாய். பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு உன் அம்மாவின் விசாவில்தான் இங்கே இருக்கிறேன். இப்போது மருத்துவமனை அவளுக்கும் விடைகொடுக்கிறது. அவள் விசா முடிந்தால் என் விசாவும் முடிந்தது, இந்த வீடும் முடிந்தது. எங்கே போவது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. நாகர்கோவில் என்று அம்மா சொல்வாள், பார்க்கலாம் என்று நான் சொல்வேன். நான் பார்க்கலாம் என்று சொன்னபோதெல்லாம் மனதில் இருந்தது உன் வீடு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகைக்காரன் என்று பெயர்தானே தவிர, முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது எனக்கு.

வந்த இரண்டாம் நாளே சோபாவைத் தள்ளிவிட்டு கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாய். "அப்பா, எனக்கு ஒரு பெஞ்சு பிளான் பண்ணித் தாங்க. சின்ன எடத்துல சாமான் அடுக்குறதுல உங்கள மாதிரி ஆள் கெடயாது" என்றாய். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் திரும்ப நிரப்பிப் புதுத் தோட்டாவாக்கும் பிரஸ் ஒன்றை நீ பழையதாக வாங்கியிருக்கிறாய் என்பது தெரியும். அது அங்கே ஒரு மடக்கு மேசையில் கிடக்கிறது, கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மேசையும் கூடவே வருகிறது என்று நீ போனில் சொல்லியிருந்தாய். அங்கே உரிமம் உள்ளவர்கள் தங்கள் போட்டிக்கான தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வது சாதாரணம். இங்கே அப்படி ஒன்றை வீட்டில் வைப்பதை நினைக்கவே முடியாது. சுடுதளத்தில் தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்கள், வெற்றுக் கூட்டை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். அதனால் உன் உயிருக்குயிரான சமாசாரத்தில் பாதியை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்தத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டவன் நான்தான், அதுவும் யோசிக்காமல். நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, பாலைவனச் சாலையில் இருந்த சுடுதளம் ஒன்றில் போட்டி நடந்தது. செய்தி எழுத என்னை அனுப்பினார்கள். அம்மாவுக்கு டூட்டி. உன்னைத் தனியே விட மனமில்லாமல் காரில் ஏற்றினேன். எல்லோரும் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ மட்டும் பெண்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பும்போது ஷார்ஜா நெரிசலில் வண்டி நின்றதும், "அப்பா, அவங்க முக்கால்வாசி நேரம் ஒண்ணுமே பண்ணல. சும்மா நின்னாங்க. அதான் நல்லாருந்துச்சு" என்றாய். நான் எத்தனையோ விளையாட்டுச் செய்திகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதிலும் இவ்வளவு சரியான ஒரு வரி இல்லை.

உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஊர்ல போயி என்ன சொல்லுகது? மக என்ன படிக்கான்னு கேட்டா, வெடி வைக்கான்னு சொல்லவா?" என்று அவள் கேட்டாள். "பிஸிக்ஸ்னு சொல்லுங்கம்மா" என்று நீ சொன்னாய். அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை. விடுமுறை நாளில் உன்னைச் சுடுதளத்தில் இறக்கிவிட்டு, நீ முடிக்கும் வரை காரில் ஏசி போட்டுக்கொண்டு, இரவு டூட்டி முடிந்த அலுப்பில் தூங்கிக்கொண்டிருப்பாள். சம்மதித்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வாள்.

அப்போது நாம் ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில் இருந்தோம். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றை டெய்சி அக்கா குடும்பத்துக்கு விட்டிருந்தோம். ஹாலை பிளைவுட் அடித்து இரண்டாக்கி ஒரு பாதியில் அம்மாவோடு வேலை பார்த்த இரண்டு நர்சுகள் இருந்தார்கள். நமக்கு இருந்த ஓர் அறையில் பீரோவைக் குறுக்கே போட்டு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எங்களுக்கு. துப்பாக்கியில்லாமல் அசையாமல் நிற்கப் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நீ அயர்ன் பாக்ஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சந்தில் நிற்பாய். அந்த வீட்டில் ஆள் படுக்காத இடம் அது ஒன்றுதான். எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உன்னைக் கடந்து போவார்கள். "ஏட்டி ஜெசி, நான் குளிச்சிட்டு வாறவரைக்கும் இப்படியே நின்னேன்னா ஒனக்கு ஒரு சாக்லேட்டு" என்று டெய்சி அக்கா துண்டோடு போவாள். அவள் குளியல் எவ்வளவு நீளம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ சாக்லேட் வாங்கியிருக்கிறாய்.

இது எங்கள் தவறு என்று மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாடகையும் உன் பள்ளிக்கூடமும் அப்படித்தான் நின்றன. நம்மைச் சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். அபுதாபியின் முசஃபாவிலும் ஷார்ஜா தொழில்பேட்டையிலும் அலைந்து, ஓர் அறையில் எத்தனை பேர் அடைந்து கிடக்கிறார்கள் என்று பகலில் செய்தி எழுதுவேன். மாலையில் வந்து என் வீட்டுப் பிளைவுட்டுக்குள் நுழைவேன். அதில் எனக்கு எந்த முரணும் அப்போது தெரியவில்லை. ஆனால் அப்படியே வருடங்கள் போனதில் ஒரு கண் முளைத்துவிட்டது. காலி இடத்தைப் பார்த்தால் அது வீணாய்ப் போகிறது என்று உறுத்தும் கண். வளைகுடாவில் குடும்பம் நடத்திய பாதிப்பேருக்கு அந்தக் கண் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அரிசி, கதவுக்குப் பின்னால் சைக்கிள், பால்கனியில் ஒரு ஆள். ஊரில் பெரிய வீடு கட்டிய பிறகும் நம் ஆட்கள் அதில் ஒரு மூலையை அட்டை வைத்து மறைத்துக்கொண்டு படுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கண்ணோடுதான் உனக்குப் பெஞ்சு வரைந்தேன். சுவர் முதல் சுவர் வரை பலகை. மேலே இரண்டு தட்டு. கீழே முழுக்க இழுப்பறை. இழுப்பறைக்குக் கீழே அரிசி மூட்டை. ஒரு மூலையில் மருமகன் ஆல்வினின் பிரிண்டர், இன்னொரு மூலையில் மடித்துச் செருகும் அயர்ன் பலகை. தோட்டாவுக்கான வெடிமருந்துப் பவுடரை எடைபோடும் தராசு வெப்பக் காற்று வரும் குழாய்க்கு நேர் கீழே, ஏனென்றால் அந்த இடம்தான் மிச்சமிருந்தது. நீ தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாய். "அப்பா, இது பெஞ்சா, லேபர் கேம்ப்பா?" என்று கேட்டாய். உன் அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

பிறகு கீழே பகாலா என்கிற மளிகைக் கடையிலிருந்து கார்கோவுக்கு என்று வாங்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை டேப்பின் மேல் சுவர்போல அடுக்கினாய். சாப்பாட்டு மேசையை உள்ளே இழுத்துப் போட்டாய். என்னைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் குடையைக் கொடுத்து, "இதான் கைப்பிடி. மேல இருந்து கீழ இழுங்க" என்றாய். இழுத்தேன். முழங்கை பெட்டிச் சுவரில் இடித்து இரண்டு பெட்டி சரிந்தது. திரும்ப இழுத்தேன், இழுப்பறைக்கு என்று நீ வைத்திருந்த செருப்பு ஸ்டாண்டில் குடையின் முனை முட்டிக்கொண்டு நின்றது. "இவரு என்னத்துக்குக் குடைய வச்சித் தண்ணி அடிக்காரு?" என்று அம்மா கேட்டாள். அதுவரை அந்தக் கருவி எப்படி வேலை செய்யும் என்று எனக்குப் புரியவில்லை. அடிபம்பு என்று நினைத்துக்கொண்டதும் புரிந்துவிட்டது.

அடிபம்பைச் சுவரோடு ஒட்டி யாரும் நடுவதில்லை. நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய், நான் பழக்கத்தில் குறித்துக்கொண்டேன். பிரஸ் பெஞ்சின் நடுவில் இருக்கக் கூடாது; விளிம்பில், பெஞ்சுக் காலுக்கு நேர் மேலே போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை வளையும். கைப்பிடி விளிம்பைத் தாண்டி முழங்கால் வரை இறங்கி வரும், அந்த இடத்தில் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. பலகை அதிர்ந்தால் பவுடர் அளவு மாறும். காற்றடிக்கும் இடத்தில் தராசு பொய் சொல்லும். வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுந்தால் உன் நிழலே கூட்டுக்குள் இருப்பதை மறைத்துவிடும். பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் ஒரு பக்கம், பவுடர் வேறு பக்கம். "அப்ப இந்த நடுவுல என்னதான் வைக்கது?" என்று கேட்டேன். "ஒண்ணும் வைக்கக் கூடாதுப்பா. அந்த எடம் வேணும்" என்றாய். எதற்கு வேணும் என்று மறுபடி கேட்டேன். உனக்குப் பொறுமை அதிகம். "கை போய் வர்றதுக்கு. தப்பு நடந்தா கண்ணுல படுறதுக்கு" என்றாய்.

"ஒரு நேரத்துல ஒரு பவுடர் டப்பாதான் பெஞ்சுல இருக்கணும். ரெண்டு இருந்தா என்னிக்காவது ஒரு நாள் மாறும்" என்று நீ சொன்னபோது, வெங்காயத் தட்டை வைத்துவிட்டு உன் அம்மா டேப்புக்குள் வந்தாள். அதுவரை அவள் உள்ளே வரவே இல்லை, கவனித்தாயா? "எங்க வார்டுலயும் அதே கததான். ஒரு பேஷண்ட்டுக்க ஊசி தட்டுல இருக்கும்போ இன்னொருத்தருக்க ஊசி அதுல வரப்பிடாது. ஊசி எடுக்கும்போ ஒருத்தரும் பேச்சுக் குடுக்கப்பிடாது. ஒனக்கு அந்த ரூமுக்குக் கதவு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றாய். "உள்ள இருந்து பூட்டலாமா?" பூட்டலாம் என்றாய். "அப்ப சரி" என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். எதை எந்தக் கையால் எடுப்பது, எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குவதா வேண்டாமா, களைப்பாக இருக்கும் நாளில் உட்காராமல் எழுந்துபோவது எப்படி என்றெல்லாம். இத்தனை வருடம் உன்னைச் சுடுதள வாசலில் இறக்கிவிட்டுத் தூங்கியவள், நீ உள்ளே என்ன செய்தாய் என்று முதல்முறை கேட்டாள். நான் ஸ்டூலில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நல்ல மாலைகளை எண்ணச் சொன்னால் அதைச் சேர்ப்பேன்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மறுநாள் காலை உணவின்போது, பெஞ்சு போக அறையில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று ஆரம்பித்தேன். நடுவில் ஒரு பிளைவுட் தட்டி அடித்தால் அந்தப் பக்கம் ஒரு கட்டில் போடலாம், எங்களுக்கு அது போதும், நாங்கள் எதிலெல்லாமோ படுத்தவர்கள் என்றேன். விளையாட்டாகச் சொன்னதுபோல் சொன்னேன். விளையாட்டு இல்லை. நீ ஆப்பத்தைப் பிய்த்தபடியே, "பவுடர் இருக்குற ரூம்ல ஆள் தூங்கக் கூடாதுப்பா" என்றாய். பக்கத்து அறை இருக்கிறதே, பவுடரை அங்கே வைத்தால் என்ன என்று விடாமல் கேட்டேன். அங்கேதான் வீட்டைச் சூடாக்கும் கருவியும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கின்றன, அங்கே பவுடர் வைக்க முடியாது; ஜன்னல் இல்லை, அதனால் ஆளும் படுக்க முடியாது என்றாய். கீழ்த்தளத்தில் ஜன்னல் உள்ளது பெஞ்சுக்கான அந்த அறை ஒன்றில்தான். நீ சொன்னது அவ்வளவுதான். ஆனால் இனி அந்த அறையில் ஒன்று பெஞ்சு இருக்கலாம், இல்லை நாங்கள் இருக்கலாம் என்று மேசையில் இருந்த மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த நாள் நான் எழுந்து வந்தபோது டேப் மாறியிருந்தது. பெஞ்சின் கோடுகளை உரித்துவிட்டு, ஜன்னல் பக்கமாக இரட்டைக் கட்டில் அளவில் ஒட்டியிருந்தாய். அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், அம்மாவின் தையல் மெஷினுக்கு. நீ அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாய். "பெஞ்சு எங்க மக்ளே?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா. பிரஸ்ஸ வித்துருவேன். கடைல வாங்குற தோட்டாவே போதும், எல்லாரும் அதுலதான் சுடுறாங்க" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய். அழவில்லை, கோபப்படவில்லை. "அம்மாவுக்கு ஏறி எறங்க படில கைப்பிடி போடணும். ஆல்வின்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதை உண்மையாக எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தது. மகள் வீட்டில் எனக்குக் கட்டில் போட்டுவிட்டாள், ஜன்னலோரமாக. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டீ குடித்தேன். அதற்குப் பிறகு மிச்ச நாளெல்லாம் நீ பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினாய், நான் புத்தகங்களைக் கட்டினேன், அம்மா எங்கள் இருவரிடமும் தேவையானதை மட்டும் பேசினாள்.

நீ போன பிறகு அவள் அந்தக் கட்டில் கோட்டுக்குள் நின்று, "இதுல வந்து படுத்துப் பாரும்" என்றாள். விளையாடாதே என்றேன். "நான் வெளையாடல. ஆறு மாசம் பனி. கீழ்த்தளம். பிள்ளையும் மருமகனும் வேலைக்குப் போயிருவாவ. இந்தச் சன்னல்ல தெரியது அடுத்த வீட்டுக்காரனுக்க கார் டயரு. படுத்துப் பாத்துட்டுச் சொல்லும், இதுக்காக அவ அத விக்கணுமா?" நான் படுக்கவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது, அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். மருமகனுக்குப் போன் செய்து, நீ அந்தப் பிரஸ்ஸில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். உனக்குத் தெரியாமல் கேட்டதற்கு அவன்மீது கோபப்படாதே.

ஆல்வின், "மாமா, அவ ஒங்ககிட்ட சொல்லலியா? கோடைல மாகாண டீமுக்கு செலக்‌ஷன் இருக்கு. கடைத் தோட்டாவுல அந்தத் தூரத்துக்கு அவ துப்பாக்கி ஒரே எடத்துல அடிக்காது. அவ துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி அவளே செஞ்சாத்தான் உண்டு. அதுக்குத்தான் ஆடாத பெஞ்சு கேட்டா" என்றான். விற்கப் போவது தெரியுமா என்று கேட்டேன். "வெளம்பரம் எழுதி வச்சிருக்கா. இன்னும் போடல" என்றான். பிறகு, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கெழம ரேஞ்சுக்குப் போயிட்டு வந்தாத்தான் அவ அந்த வாரம் மனுசிமாதிரி இருப்பா. நீங்க வரதுல எனக்கு சந்தோசந்தான். ஆனா அவ எதயும் வாய்விட்டுக் கேக்க மாட்டா" என்றான். அவன் சொன்ன கடைசி வார்த்தையை நான் உன் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் குனிந்து டேப்பை உரிக்க ஆரம்பித்தாள்.

எப்படிக் கேட்பாய்? சந்தில் நின்று வளர்ந்த பிள்ளை நீ. உன் இடத்தில் யாராவது வந்து நின்றால் நீ பக்கவாட்டில் திரும்பி வழிவிடுவாய்; அப்படித்தான் உன்னை அந்த வீடு பழக்கியது. அது நல்ல குணம் என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல குணம்தான். ஆனால் ஜெசி, எல்லோருக்கும் எப்போதும் வழிவிட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் உன் கைப்பிடி போய் வருவதற்குக்கூட இடம் இருக்காது. வீட்டுக்கு வருகிற எதுவும், அது குழந்தையாக இருக்கட்டும், வேலையாக இருக்கட்டும், பெற்றவர்களாகவே இருக்கட்டும், உன்னிடம் காலியாகத் தெரிகிற அந்த நடுவிடத்தைத்தான் முதலில் கேட்கும். ஒன்றும் வைக்காமல்தானே இருக்கிறாய் என்று கேட்கும். நான் கேட்டதும் அதைத்தான். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று என்னிடம் குடையைக் கொடுத்துச் சொன்ன அதே குரலில் நீ சொல்லலாம். யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் போகட்டும்.

ஆகவே முடிவு இது. நாங்கள் நாகர்கோவிலுக்குப் போகிறோம். கோபத்திலும் இல்லை, தியாகமாகவும் இல்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் லிப்ட் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். நர்சிங் பள்ளி ஒன்றில் வாரத்தில் சில நாள் வகுப்பெடுக்க அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊசித் தட்டைப் பற்றி உன்னிடம் பேசிய அன்றே அவளுக்கு அந்த ஆசை வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதும் எனக்குப் புதிது, கொஞ்ச நாள் அப்படி இருந்து பார்க்கிறேன். உன்னோடு இருக்க ஆசை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கட்டிலைப் பற்றி மேலே எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் ஆசையை ஒரு தட்டி அடித்து உன் அறைக்குள் நுழைக்க மாட்டேன்.

பெஞ்சைப் பற்றி நான் திருத்தி வரைந்ததை ஆல்வினுக்கு அனுப்பியிருக்கிறேன். நீளத்தைக் குறைத்துவிட்டேன். பிரஸ் இடது காலுக்கு மேலே, விளிம்பில். அதற்குக் கீழே இழுப்பறை கிடையாது. தராசு வெப்பக் குழாய்க்கு எதிர் மூலையில், தனியாக ஒரு சின்னச் சுவர்ப் பலகையில், பிரஸ் அதிர்ந்தாலும் அதற்குத் தெரியாதபடி. விளக்கு பெஞ்சுக்கு மேலே முன்பக்கமாக. பவுடருக்கும் பிரைமருக்கும் இரண்டு தனி அலமாரி, எதிரெதிர்ச் சுவரில். பெஞ்சின் நடுவே நான் ஒன்றும் வரையவில்லை. அப்படி வெள்ளையாக விடுவதற்குள் மூன்று தடவை அங்கே எதையாவது வரைந்து அழித்தேன் என்று அம்மா உன்னிடம் சொன்னால், அது உண்மை. அரிசி மூட்டைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் ஆல்வின் பாடு.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் வழக்கமில்லை, சொன்னால் யாரோபோல் ஆகிவிடும் என்று பயப்படுவோம். ஆனாலும் சொல்கிறேன். ஓர் இரவில் உன் பெஞ்சை உரித்துவிட்டு எங்களுக்குக் கட்டில் ஒட்டினாயே, அதற்கு நன்றி. அம்மாவின் தையல் மெஷினையும் மறக்காமல் ஒரு சதுரம் வைத்ததற்கு நன்றி. அந்தக் கட்டிலில் நாங்கள் படுக்கப் போவதில்லை, ஆனால் எங்களுக்காக ஒருத்தி அதை ஒட்டினாள் என்பது இனி எந்த ஊரில் படுத்தாலும் எங்களுக்கு இருக்கும். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு நர்சுகள் சண்டைபோட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நீ கணக்குப் போட்டதற்கு நன்றி. உன் அம்மாவைக் காரில் தூங்கவிட்டதற்கு, அவளை எழுப்பாமல் பக்கத்து இருக்கையில் மெதுவாக ஏறி உட்கார்ந்துகொண்டதற்கு நன்றி. அதை அவளே என்னிடம் சொன்னாள், அவள் அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. இந்த ஊருக்கும் ஒரு நன்றி உண்டு. எங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டது. சொன்ன சொல் மாறவில்லை. நடுவே உன்னை வளர்க்க இடம் கொடுத்தது.

கோடையில் உன்னைப் பார்க்க வருவதாக இருக்கிறோம். மேலே ஹாலில் இருக்கும் சோபாவை விரித்தால் இருவர் படுக்கலாம் என்று ஆல்வின் சொல்கிறான், அது போதும். விசிட் விசாவுக்கு எல்லாம் தயார், கைரேகை கொடுக்கப் போவதுதான் பாக்கி. இன்று காலை நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றேன். உன் அம்மா நைட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "மொதல்ல அவ அந்த ரூம்ல பெஞ்சப் போடட்டும். போல்ட்டு முறுக்கி, அவ அதுல உக்காந்து கைப்பிடிய இழுக்கது போட்டோல தெரியணும். அதுக்குப் பொறவுதான் என் வெரல நான் நீட்டுவேன். இல்லன்னா நீரு மட்டும் போவும்" என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உனக்கு அவளைத் தெரியும்.

அதனால் சீக்கிரம் அந்தப் பெஞ்சைப் போடு, மகளே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

அப்பா